பக்கிரி ஊரில் இல்லாத மூன்று மாதம்

1

இந்தக் கதை எட்டு வார்த்தைகளிலிருந்து பிறந்தது. எட்டையும் சொன்னவன் நான். இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வது எங்கள் மண்டி வழக்கத்துக்கு நேர் எதிர். நாங்கள் தாரின் மேல் சீப்பைக் காட்டி விலை பேசுவோம். கடைச் சீப்பை வண்டியில் ஏற்றிய பிறகுதான் பார்க்க விடுவோம்.

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் என் அப்பாவுக்கு வாழைக்காய் மண்டி. கூட்டாளி ஜெய்னுலாபுதீன் ராவுத்தர். ஆற்றுப் படுகையிலிருந்து பூவனும் மொந்தனும் ரஸ்தாளியும் வந்து இறங்கும். கூடவே ஊர்ச் சேதியும் இறங்கும். யார் வீட்டில் கல்யாணம், யார் பாகம் பிரிக்கிறார்கள், எந்த அண்ணன் எந்தத் தம்பியோடு பேசுவதில்லை. எங்களுக்கு அது வம்பு இல்லை, தொழில். கல்யாணம் என்றால் வாசலுக்கு இரண்டு தார் போகும். பாகம் பிரிந்தால் தோப்பு கைமாறும். அடுத்த வீட்டுச் சேதி தெரியாதவன் கல்லாவில் உட்கார்ந்து என்ன செய்வான்?

நாங்கள் கத்தோலிக்கர்கள். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பொய் விலை சொன்னது, அப்பாவை மனசுக்குள் திட்டியது எல்லாம் சாமியாரிடம் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன். பேசிய பேச்சை மட்டும் சொன்னதில்லை. அது பாவத்தில் சேர்த்தி என்பதே முப்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. (ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவனிடம் எதிரில் இருந்தவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.)

2

தொடக்கம் ஒன்று:

"மேட்டூர் திறந்து ஒன்பதாம் நாள், நுரையும் சருகுமாகக் காவிரி"

நிறுத்திவிட்டேன். தஞ்சாவூர்க்காரன் கதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஆற்றைத் திறந்துவிடுகிறான். பிறகு பாத்திரங்கள் நனைந்துபோய் நிற்கிறார்கள்.

தொடக்கம் இரண்டு:

"இன்னாசியம்மாள் ஒரு புனிதவதி. அவர்"

இதையும் அடித்துவிட்டேன். புனிதவதி என்று எழுதிவிட்டால் சுரூபம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவீர்கள். அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. கோபம் வந்தால் கையிலிருக்கும் நாற்று முடிச்சை எதிரில் இருப்பவர் மேல் எறிவார், குறி தப்பாது.

தொடக்கம் மூன்றை வைத்துக்கொள்கிறேன். அலங்காரம் இல்லை, தகவல்தான். இன்னாசியம்மாள் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப்போகிறவர். பதினாறு பேர் கொண்ட கூட்டம். கோயிலில் எங்களுக்கு நடுப்பகுதி, அவர் தெருவுக்கு இடது ஓரம். அந்தக் காலத்துக் கோயில் அப்படி. அந்தக் காலம் என்று எழுதி நான் தப்பித்துக்கொள்வதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.*

இப்போது ஒரு சிக்கல். இன்னாசியம்மாள் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே இல்லாத ஆளைப் பற்றிப் பேசக் கூடாது என்பதுதான் அவர் வாழ்ந்த முறை. நானோ இங்கே இல்லாத அவரைப் பற்றி, முன்பின் தெரியாத உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கதை எழுதுவது என்பதே புறம்பேசுவதுதானோ என்று சந்தேகம் வந்து இந்தத் தாளை இரண்டு மாதம் மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருந்தேன். பேர்களையெல்லாம் மாற்றிவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். உள்ளூர்க்காரர்களுக்கு அது போதாது. மூன்றாவது பத்தியிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

(* அன்றைக்கு நான் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். அவர் என்னைவிட மூத்தவர். இந்தக் கதையில் 'அவர், இவர்' என்று எழுதுவது நாற்பது வருடம் தாமதமாகச் செலுத்தும் மரியாதை.)

3

நடவு என்றால் காலை முதல் சாயங்காலம் வரை சேற்றில் குனிந்தபடி பின்னோக்கி நடப்பது. முதுகு ஒடியும். ஒடிவது தெரியாமலிருக்கப் பேச்சு வேண்டும். மற்றக் கூட்டங்களில் ஊர் முழுவதும் வயலில் இறங்கி மிதிபடும். இன்னாசியம்மாள் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம்: அவளவள் கதையை அவளவள் சொல்லலாம். அடுத்தவள் கதை என்றால் அடுத்தவள் அங்கே இருக்க வேண்டும்.

"அக்கா, மேலத்தெரு மங்களாம்பிகை இருக்காங்களே..."

"எங்க இருக்காங்க? இந்த வயல்லயா?"

"இல்லக்கா, அவங்க வீட்டுல."

"அப்ப கரையேறுனதும் வா. அவங்க வீட்டுக்கே போயிப் பேசுவோம். நானும் வரேன்."

இது சும்மா மிரட்டல் என்று நினைத்தவர் தங்கமணி. அன்றைக்குச் சாயங்காலம் முழங்கால் சேறு காயாமல் தங்கமணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மங்களாம்பிகை வீட்டு வாசலில் போய் நின்றார் இன்னாசியம்மாள். "ஆச்சி, இவ உங்களப் பத்தி ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா. பாதியில நிறுத்திட்டேன். மீதிய உங்க முன்னாடி சொல்லட்டும்."

தங்கமணி மென்று விழுங்கி, "மோர் இருந்தா குடிச்சுட்டுப் போலாம்னு வந்தோம் ஆச்சி" என்றார். மோர் வந்தது. குடித்தார்கள். திரும்பினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் யாரும் அந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை.

மற்றக் கூட்டத்துப் பெண்கள் அவர்களுக்கு 'ஊமைச் செட்டு' என்று பேர் வைத்தார்கள். தப்பான பேர். அவர்கள் வயலில் எழுந்த சிரிப்பு வாய்க்கால் தாண்டிக் கேட்கும். எல்லாம் சொந்தச் சரக்கு. கல்யாணமான மூன்றாம் நாள் மாமியாருக்குத் தெரியாமல் கருவாட்டுச் சட்டியை வழித்துத் தின்றுவிட்டுப் பூனை மேல் பழியைப் போட்ட கதையைத் தங்கமணி சொன்னாராம்.

"பூனைகிட்ட மன்னிப்புக் கேட்டியாடி?" என்றாராம் இன்னாசியம்மாள்.

"பூனை என்னாக்கா, வாயில்லாத சீவன்."

"அதான் கேக்கறேன். அதுவும் இங்க இல்லாத ஆளுதான்."

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறேன். (விசாரித்தேன். பழக்கதோஷம்.) தவக்காலத் தியானத்துக்கு வந்த வெளியூர்ச் சாமியார் ஒருவர் பிரசங்கத்தில் சொன்னாராம்: உன் சகோதரன் மேல் உனக்கு ஒரு குறை இருந்தால் முதலில் அவனிடமே போ, தனியாகப் போ என்பது ஆண்டவர் கட்டளை என்று. அந்தப் பிரசங்கத்தை நானும் கேட்டேன். கோயில் நிறையக் கூட்டம். நல்ல குரல், நல்ல உதாரணங்கள் என்று பேசிக்கொண்டே வெளியே வந்தோம். வாசல் தாண்டுவதற்குள் சாமியாரின் மலையாள உச்சரிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் மட்டும் அதை வழி சொன்னதாக எடுத்துக்கொண்டார். 'இந்தத் தெருவில் போ, இந்தக் கதவைத் தட்டு' என்று யாரோ சொன்னால் எப்படிப் போவோமோ, அப்படிப் போனார்.

4

இந்த இடத்தில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுரை மாதிரி இருக்கும், சுருக்கமாக முடிக்கிறேன்.

எழுபது, எழுபத்தொன்று. கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி. தெற்குத் தெருவில் சிவப்புக் கொடி. பெரிய மிராசுகள் தனியே சங்கம் வைத்துக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே கடலோரத் தாலுகாக்களில் நடந்த கொடுமைகளைக் கேட்டு இரண்டு பக்கமும் பயம். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவன் பேரை அரசாங்க ரிக்கார்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பேர் ஏறிவிட்டால் சுலபத்தில் அவனை வெளியேற்ற முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை. அவனோ அவன் குடும்பத்தாரோ உடம்பால் உழைத்திருக்க வேண்டும். தான் குத்தகைக்கு எடுத்ததை இன்னொருவனுக்கு உள்குத்தகை விட்டவன் என்றால் பேர் ஏறாது.

பக்கிரி உழுதது மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். சொந்தக்காரர் வைத்தியலிங்கம். காகிதம் கிடையாது, அப்பன் காலத்திலிருந்து உழுகிறார், அவ்வளவுதான். அந்த மூன்று மா போனால் பக்கிரியும் மனைவி நாகம்மாளும் நாளைக்கு எவன் கூப்பிடுவான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வைத்தியலிங்கம் கெட்டவர் இல்லை. என்ன, அவருக்குக் கும்பகோணத்தில் ஒரு

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. பேனா தானாகவே அங்கே போய்விட்டது. கதைக்கு அது தேவையில்லை, சுவைக்குத் தேவை. அடித்துவிட்டிருக்கலாம். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நீங்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.]

5

அந்த வருடம் குறுவையின்போது, ஆனி முதல் ஆவணி வரை, பக்கிரி ஊரில் இல்லை.

ஆனிக் கடைசியில் நான் சைக்கிளில் படுகைக்குப் போகும்போது அவர் வயலில் தியாகராசனின் மாடுகள் உழுதுகொண்டிருந்தன. தியாகராசன் அடுத்த வயல்காரர். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே மாடுகள். தியாகராசன் கூலிக்கு ஏர் ஓட்டுகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வியாபாரி மூளை எப்படி ஓடும்? இவன் காசு வாங்காமல் உழுகிறான் என்றால் நிலம் இவனிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் உலகத்தில் சும்மா எதுவும் நடக்காது.

அன்றைக்கு மண்டியில் டீ வந்தது. ராவுத்தர் கடைத்தெருவில் சேதி ஒன்றும் இல்லையே என்று கொட்டாவி விட்டார். அவருக்கு ஒரு சேதி கொடுக்க வேண்டும் போலிருந்தது. சொன்னேன்:

"பக்கிரி நிலத்தை உள்குத்தகைக்கு விட்டுட்டு வீட்டுல காலாட்டிக்கிட்டு இருக்காரு போல."

எண்ணிக்கொள்ளுங்கள், எட்டு. அந்த 'போல'வைக் கவனியுங்கள். நான் பத்திரமாகத்தான் பேசியிருக்கிறேன். 'காலாட்டிக்கிட்டு' என்ற இடத்தில் காலை ஆட்டியும் காட்டினேன். ராவுத்தர் டீ சிந்தும்படி சிரித்தார். பக்கிரியைக் கெடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணமும் இல்லை, சத்தியம். பேச்சு ருசியாக வர வேண்டும், அதுதான் எண்ணம். வஞ்சம் வைத்துச் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

மதியம் சலூனில் 'போல' உதிர்ந்துவிட்டது. மறுநாள் அரிசி மில்லில் தியாகராசன் முன்பணம் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை திருவையாற்றுப் பஸ்ஸில் பத்திரம் எழுதிக் கைநாட்டும் வைத்தாகிவிட்டது. அடுத்த வாரம் ராவுத்தரே என்னிடம் வந்து, "கேட்டியா தம்பி சேதிய? பக்கிரி உள்குத்தகைக் காச வாங்கிக்கிட்டு ஊரவிட்டே போயிட்டானாம்" என்றார், புதிதாக. நான் "அப்படியா!" என்றேன். ஆச்சரியப்பட்டேன் என்பதுதான் இதில் கேவலம்.

ஆவணியில் பக்கிரி திரும்பி வந்தார். இளைத்திருந்தார் என்று சிலர். பூசினாற்போல் இருந்தார் என்று சிலர். எங்கே போயிருந்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஐப்பசியில் பேர் ஏற்றச் சொல்லி மனுக் கொடுத்தார். வைத்தியலிங்கம் ஆட்சேபணை கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஊர் சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்தார். கார்த்திகையில் விசாரணை.

6

விசாரணைக்கு ஆறு நாள் முன்பு, உச்சி வெயிலில், மண்டிக்கு இன்னாசியம்மாள் வந்தார். ராவுத்தர் தொழுகைக்குப் போயிருந்தார். அப்பா சாப்பிடப் போயிருந்தார். நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

"சின்ன மொதலாளி, ஒங்ககிட்ட ஒரு கொறை சொல்லணும்."

நடவுக்கூலி விஷயமாக யாரிடமாவது சிபாரிசு சொல்ல வேண்டுமாக்கும் என்று நினைத்து, "சொல்லு" என்றேன்.

"பக்கிரி உள்குத்தகை விட்டாருன்னு மொதல்ல சொன்னது நீங்க."

"ஊரே சொல்லுது. நான் ஒருத்தன்தானா?"

"ஊரு சொல்றதுக்கு முந்தின நாளு நீங்க சொன்னீங்க. டீ கொண்டாந்தவ எங்க செட்டுல நடுறவ."

எங்கள் பரம்பரை வித்தையை எடுத்தேன்: விலையைக் குறைத்துப் பார்த்தேன். "வெளயாட்டாச் சொன்னது இன்னாசி. 'போல'ன்னுதான் சொன்னேன்."

"ஆமாங்க. அத எடுத்தாந்துட்டேன், இந்தாங்க வச்சுக்கங்க. பாக்கி ஏழு ஊருக்குள்ள சுத்துதே, அத யாரு கொண்டாருவா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வாங்க, பக்கிரி வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோம். நீங்க பாத்தது மாட்ட மட்டுந்தான்னு அவருகிட்டச் சொல்லிருங்க. நானும் வரேன்."

"இப்பவா? மூணு மணிக்கு லாரி வருது."

"சரிங்க." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். படி இறங்கியவர் நின்றார். "ஞாயித்துக்கிழமை பூசையில சாமியாரு குடுக்கற நன்மைய வாங்கறது நாக்குலதானங்க. ஒரே நாக்குதான நமக்கு." இதைக் குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. அவருக்கே அப்போதுதான் தோன்றியதுபோல, கொஞ்சம் வியப்போடு சொன்னார். பிறகு, "நான் வந்தது யாருக்கும் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அந்த ஆறு நாளும் நான் காத்திருந்தேன். என் பேர் வெளியே வரும் என்று. தங்கமணி வழியாக வரும், நாகம்மாள் வழியாக வரும், கோயில் வாசலில் வரும். வரவில்லை. அவர் நினைத்திருந்தால் ஒரு நடவு நாளில் பதினாறு வாய் வழியாக என்னைக் கடைத்தெருவில் தலை காட்ட முடியாமல் செய்திருக்கலாம். பக்கிரிக்காகச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் நியாயமாகவும் இருந்திருக்கும். கையில் இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டு விற்காமல் இருக்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாமியாரிடம், "ஒரு பேச்சு கூடுதலாப் பேசிட்டேன் சாமி" என்றேன். யாரைப் பற்றி, என்ன ஆனது என்று சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். வெளியே வந்து, இவ்வளவு மலிவா என்று நினைத்தேன். குறை அவர்மேல் இல்லை. நான் காட்டிய மேல் சீப்புக்கு அவர் சொன்ன விலை அது.

7

விசாரணையை மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன். முதல் பாதி மூன்றிலும் ஒன்றுதான்.

பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவே உள்குத்தகை என்று சொல்கிறது என்பதற்கு அடையாளமாக என்னையும் ராவுத்தரையும் வரவழைத்து பெஞ்சில் உட்காரவைத்திருந்தார் வைத்தியலிங்கம். தியாகராசன் வரவில்லை. அவர் உழுகிற நிலத்திலும் பாதி வைத்தியலிங்கத்துடையது. திடீரென்று மகளைப் பார்க்க வேண்டும்போல் இருந்து வெளியூர் போய்விட்டார்.

"ஆனியிலேர்ந்து ஆவணி வரைக்கும் நீங்க ஊருல இல்லைங்கறாங்க. நெசமா?" என்றார் அதிகாரி.

"நெசந்தாங்க" என்றார் பக்கிரி.

"எங்க போயிருந்தீங்க?"

"வெளியூருங்க."

"எந்த ஊரு, எதுக்கு?"

பக்கிரி தரையைப் பார்த்தார். நாகம்மாள் சுவரைப் பார்த்தார். வைத்தியலிங்கம் அதிகாரியைப் பார்த்து லேசாகக் கையை விரித்தார்.

அப்போது படிக்குக் கீழேயிருந்து, "ஐயா, நான் சொல்லலாங்களா?" என்று குரல் வந்தது. இன்னாசியம்மாள். பின்னால் பதினாறு பேரும் கரையேறிய கோலத்திலேயே நின்றார்கள்.

"நீ யாரும்மா?"

"அந்த வயல்ல நடவு நட்டவங்க."

"இவரு எங்க போயிருந்தாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. பக்கிரியின் முகம் செத்துவிட்டது.

"சொல்லு."

"சொல்ல மாட்டேங்க."

"ஏன்?"

"அது அவரு கதைங்க. அவரு சொன்னாச் சொல்லட்டும், இல்லாட்டி இல்ல. என் வாயில வரக்கூடாது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேம்மா."

"தெரியுமேங்க" என்றார் இன்னாசியம்மாள்.

அந்த 'தெரியுமேங்க'வை எப்படி எழுதுவது என்று பல நாள் பார்த்தேன். அதில் துணிச்சல் இல்லை, பிடிவாதம் இல்லை. கையில் இருக்கிற பொருளை இல்லை என்று எப்படிச் சொல்வது என்கிற குழப்பம்தான் இருந்தது. மண்டியில் வளர்ந்தவன் நான். உண்மையை மறைக்கத் தெரியும், திரிக்கத் தெரியும், வேண்டிய அளவு கலந்து கொடுக்கத் தெரியும். பொய்யும் சொல்லாமல், காட்டியும் கொடுக்காமல், நடுவில் அப்படி ஒரு ஒற்றையடி வரப்பு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அதன்மேல் அவர் சேற்றுக்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"யாரு வேலை செஞ்சாங்கன்னு கேளுங்கய்யா. அது நான் கண்ணால பாத்தது. செஞ்சவங்களும் இங்கதான் நிக்கறாங்க."

கேட்டார். சொன்னார். "ரெண்டு ஒழவும் தியாகராசன் மாடு. அதுக்குக் காசில்லீங்க. அந்த ஏருக்கு ஈடா நாகம்மா அவரு வயல்ல ஆறு நாளு நட்டுக் கழிச்சா. எங்க நெரையில எனக்கு எடது கைப்பக்கம் நின்னா. மாத்தாளுங்க, எங்க பக்கத்து வழக்கம். நாத்துப் பறிச்சது நாகம்மா. வரப்பு வெட்டுனது நாகம்மாவும் மவளும். தண்ணி வச்சதும் அவதான்."

"பொம்பள வரப்பு வெட்டுனாளா?" என்றார் வைத்தியலிங்கம்.

"நண்டு அப்படிக் கேக்கலீங்க, வளைய மூடிட்டாங்கன்னு வேற எடம் போயிருச்சு" என்று கீழேயிருந்து தங்கமணி சொன்னார். அதிகாரியே சிரித்துவிட்டார்.

வைத்தியலிங்கம் விடவில்லை. "அப்ப உள்குத்தகைன்னு ஊரே சொல்லுதே, அது எங்கேருந்து வந்துச்சு?"

அதிகாரி இன்னாசியம்மாளிடம், "யாரு கெளப்பிவிட்டதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க."

நான் ஐந்தடி தூரத்தில் பெஞ்சில் இருந்தேன்.

"யாரு?"

"அவருகிட்டயே சொல்லிட்டேங்க" என்றார். அவ்வளவுதான். கண் அதிகாரியின் மேசையை விட்டு அசையவில்லை. ஒரு ஓரப் பார்வை போதும், என்னை முடித்திருக்கும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. திரும்பாமல் இருப்பது அவருக்கும் சிரமமாகத்தான் இருந்தது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கூலிக்காரப் பெண்மணி ஒருவர், தன் தெருவில் ஒருவனுக்கு நிலம் போகிற நேரத்தில், எனக்காக, என் மானத்துக்காக, கழுத்தைத் திருப்பாமல் நிற்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் மணியடிக்கும்போது வர வேண்டியது. அங்கே வந்ததில்லை.

8

முதல் விதம்: நான் எழுந்து நெஞ்சை நிமிர்த்தி, "அந்தப் பாவி நான்தான்!" என்று முழங்குகிறேன். கூட்டம் திகைக்கிறது. (கிழித்துப் போட்டேன். அப்படி எழுந்திருந்தால் அதையும் மறுநாள் மண்டியில் நடித்துக் காட்டியிருப்பேன்.)

இரண்டாவது விதம்: நான் எழவில்லை. அதிகாரி ஊர்ப் பேச்சையே நம்புகிறார். (இது கதையாக நன்றாக வருகிறது. மூன்று பத்திரிகைகள் போடும். ஆனால் நடக்காத ஒரு கேவலத்தைச் சொல்லிக்கொள்வதிலும் ஒரு பெருமை இருக்கிறது, அதனால் விட்டேன்.)

நடந்தது: எழுந்தேன் என்று சொல்வது அதிகம். பாதி எழுந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அது... நான் சொன்னதுங்க. மாட்டை மட்டுந்தான் பாத்தேன். மீதியெல்லாம் நானா சேத்துச் சொன்னது" என்றேன். குரல் யாருடையதோபோல் இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் வந்து விழும் வேடிக்கை வார்த்தை ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் ராவுத்தர் மெல்ல எழுந்தார். "கேட்டுட்டுச் சிரிச்சது நானுங்க. போயிச் சொன்னதும் நான். அதையும் எழுதிக்கங்க" என்றார்.

அதிகாரி எழுதினார். தை மாதம் பக்கிரி பேர் ரிக்கார்டில் ஏறியது. வைத்தியலிங்கம் தோப்புத் தார் அதற்குப் பிறகு எங்கள் மண்டிக்கு வரவில்லை. அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இன்னாசியம்மாள் அடுத்த ஞாயிறு எப்போதும்போல் இடது ஓரத்திலிருந்து வந்து, நாக்கை நீட்டி நன்மை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

9

இனி நீங்கள் கேட்க நினைப்பதைக் கேட்கலாம். பக்கிரி எங்கேதான் போயிருந்தார்?

இந்த இடத்துக்கு நான்கு காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று நோய். ஒன்று வழக்கு. மற்ற இரண்டையும் சொல்லக்கூட மாட்டேன். நான்கும் நன்றாக இருந்தன. ஒவ்வொன்றும் படிக்கப் படிக்க ருசித்தது. அதுதான் பயமாக இருந்தது. நான்கையும் அடுப்பில் போட்டேன். கற்பனைப் பேருக்குப் பின்னால்தானே இருக்கிறார், அவர் மேல் எதை ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தும் எரிந்து முடிகிற வரை அடுப்படியிலேயே நின்றேன்.

அடுப்பில் போடாத காட்சி ஒன்று இருக்கிறது. நடந்து ஆறேழு வருடம் கழித்து. பக்கிரி அந்த மூன்று மாவில் ஓரமாகக் கொஞ்சம் பூவன் போட்டிருந்தார். முதல் தாரைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் மண்டிக்கு வந்தார். நல்ல தார், கடைச் சீப்பு வரை திரட்சி. இறக்கிவைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தபடி நின்றார். மண்டியில் வேறு யாரும் இல்லை.

"மொதலாளி, ஊருல எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டுட்டாங்க. நீங்க மட்டும் கேக்கவே இல்லியே, நான் எங்க போயிருந்தேன்னு" என்றார். "கேக்கறதுன்னா கேளுங்க. ஒங்ககிட்டச் சொல்லலாம்."

நான் வாயைத் திறந்து

[இந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன்.]

கேட்டேன் என்று முடித்தால், அவர் சொல்லியிருக்கிறார், முப்பத்துச் சொச்சம் வருடமாக அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, இதோ இத்தனை பக்கம் உங்களோடு பேசியும் சொல்லவில்லை என்றாகிறது. கேட்கவில்லை என்று முடித்தால், வாசலுக்கே வந்து இறங்கிய சரக்கை வாழைக்காய் மண்டிக்காரன் ஒருவன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினான் என்றாகிறது. இரண்டில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை. இரண்டில் ஒன்று நடந்தது.

எதுவென்று முடிவுசெய்துகொள்ளுங்கள். செய்தபின் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடம்கூட.